412 கோப்புகளுக்கு ஓர் அறை

காகிதமாக இருந்தவரை எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. மோட்டாரின் வயரிங் படம் மேசையின் இடது பக்கக் குவியலில், நீல அட்டைக்குக் கீழே இருக்கும். காப்பீட்டுப் பத்திரம் அலமாரியின் மேல்தட்டில், வலது ஓரத்தில் செருகியிருக்கும். பெயர் நினைவுக்கு வராவிட்டாலும் கை தானாகப் போய்விடும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒழுங்காகப் பெயர் வைத்து, ஃபோல்டர்களில் அடுக்கி முடித்த பிறகுதான் என்ன தொலைந்தது என்று தெரிந்தது. காகிதத்தில் இருந்த எழுத்தெல்லாம் பத்திரமாக இருந்தது. அது இருந்த இடம் போய்விட்டது. ஃபோல்டருக்குள் எல்லாமே அகரவரிசையில் ஒரே மாதிரி நிற்கிறது. புதிதாக ஒரு கோப்பு வந்தால் மற்றவை ஒரு வரி கீழே இறங்கிவிடுகின்றன.

அந்த இடத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். கணினிக்குள் ஒரு முப்பரிமாண அறை, அதில் என் 412 பிடிஎஃப் கோப்புகளும் ஒவ்வொன்றும் ஓர் அட்டையாக நிற்க வேண்டும். பிரவுசரிலேயே ஓட வேண்டும் என்பதால் முப்பரிமாணக் காட்சியை வரைய த்ரீ.ஜேஎஸ், முதல் பக்கத்தைப் படமாக்க பிடிஎஃப்.ஜேஎஸ், ஹெட்செட் போட்டுப் பார்க்க வெப்எக்ஸ்ஆர்.

யோசனை புதிதல்ல. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்ஐடியின் ஆர்க்கிடெக்சர் மெஷின் குழுவில் ரிச்சர்ட் போல்ட்டும் நிக்கோலஸ் நெக்ரோபாண்டேவும் ‘டேட்டாலேண்ட்’ என்ற ஒன்றைச் செய்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடியில் உள்ள ஜாய்ஸ்டிக்கால், சுவர் அளவு திரையில் விரிந்த ஒரு தகவல் பரப்பின்மேல் பறந்து போகலாம். தகவலுக்குப் பெயரைவிட இடம் முக்கியம் என்பதுதான் அதன் அடிப்படை. அதற்கும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, நினைக்க வேண்டியவற்றை ஒரு கட்டடத்தின் அறைகளில் மனத்தால் வைத்துவிட்டு, பேசும்போது அந்த அறைகள் வழியாக நடந்துபோகும் முறை கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்களிடம் இருந்தது. சிசரோ அதை எழுதி வைத்திருக்கிறார்.

முதல் வாரம் முழுக்க நினைவகத்தோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்தையும் 1024-க்கு 1448 பிக்சல் படமாக்கி, தனித்தனி டெக்ஸ்சராக, அதாவது முப்பரிமாணப் பொருளின்மேல் ஒட்டும் படமாக, ஏற்றினேன். கிராபிக்ஸ் அட்டையில் போய் உட்காரும்போது ஜேபெக் அளவெல்லாம் கணக்கில் வராது. பிக்சலுக்கு 4 பைட். ஆக ஒரு பக்கத்துக்குச் சுமார் 5.9 எம்பி, 412 பக்கங்களுக்கு 2.4 ஜிபி. தூரத்தில் தெரியும் அட்டைகள் மினுமினுக்காமல் இருக்க மிப்மேப், அதாவது அதே படத்தின் சிறிய பிரதிகள், வேண்டும்; அது இன்னும் மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்கிறது. 3 ஜிபியைத் தாண்டியதும் திரை கருப்பாகி, ‘கான்டெக்ஸ்ட் லாஸ்ட்’ என்று பிரவுசர் கைவிரித்துவிட்டது.

தீர்வு, எல்லாச் சிறு படங்களையும் பெரிய பலகைகளில் ஒட்டுவது. 4096-க்கு 4096 அளவுள்ள ஓர் அட்லஸில், 256-க்கு 362 என்ற கட்டத்தில் குறுக்கே 16, நெடுக்கே 11, ஆக 176 பக்கங்கள் பிடிக்கும். மூன்று அட்லஸ் போதும்; மிப்மேப் சேர்த்தும் 256 எம்பிக்குள் அடங்கிவிட்டது. அட்டைகளை, ஒரே வடிவத்தின் பல நகல்களை ஒரே கட்டளையில் வரையும் இன்ஸ்டன்ஸ்டு மெஷ்ஷாக மாற்றியதால் 412 முறை வரைய வேண்டிய இடத்தில் மூன்றே முறை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கட்டத்தை முழுக்க நிரப்பினால், மிப்மேப் சுருங்கும்போது பக்கத்துக் கட்டத்தின் நிறம் ஓரத்தில் கசியும். அதனால் படத்தை 240-க்கு 339 ஆக்கி, சுற்றிலும் விளிம்பு விட்டேன். அருகில் போகும் அட்டைக்கு மட்டும் பெரிய படம் அப்போதே ஏற்றப்படும். ஒரே நேரத்தில் 12-க்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.

சரி, அறை ஓடியது. அடுத்ததாக நான் செய்த தவறுதான் இந்தப் பதிவில் முக்கியமானது.

412 கோப்புகளைக் கையால் யார் வைப்பது என்று, கணினியிடமே விட்டேன். கோப்புகளில் உள்ள சொற்களை ஒப்பிட்டு, ஒத்தவை அருகருகே வரும்படி ஒரு நிரல். பார்க்க மிக அழகாக இருந்தது. மின்சாரம் சார்ந்தவை ஒரு கொத்து, கடிதங்கள் ஒரு கொத்து, மருத்துவ அறிக்கைகள் தனியே வானத்தில் மிதக்கும் ஒரு கூட்டம். இரண்டு நாள் அதிலேயே சுற்றித் திரிந்தேன். மூன்றாம் நாள் ஆறு புதிய கோப்புகளைச் சேர்த்தேன். நிரல் திரும்ப ஓடியது, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. கடிதக் கொத்து இடதிலிருந்து மேலே போயிருந்தது. அடுக்கு முறைப்படி அது சரிதான், முன்பைவிடச் சரி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நான் இரண்டு நாளில் பழகிய அத்தனையும் பொய்யாகிவிட்டது. நாம் வெளியே போயிருந்தபோது யாரோ வீட்டைச் சுத்தம் செய்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

அன்று ஒரு விதி எழுதிக்கொண்டேன், பிறகு அதை மாற்றவே இல்லை: என் கை படாமல் எந்த அட்டையும் நகரக் கூடாது. தானாக அடுக்குவதற்கு எழுதிய நிரல் முழுவதையும் அழித்தேன். புதிய கோப்பு வந்தால் கதவருகே உள்ள ‘வரவு மேசை’யில் கிடக்கும். நான் எடுத்து வைக்கும் வரை அங்கேயே கிடக்கும்.

கையால் வைக்கத் தொடங்கினேன். அப்போது அறை முழுவதும் திறந்த வெளி. அட்டையை எந்த உயரத்திலும் எந்த ஆழத்திலும் விடலாம். சுதந்திரம் கூடக் கூட நினைவும் கூடும் என்று நினைத்தேன். சோதிக்க ஒரு சின்ன ஏற்பாடு: கணினி ஒரு கோப்பின் பெயரைக் காட்டும், நான் போய் அதைத் தொட வேண்டும், எடுத்த நேரம் பதிவாகும். அதே வேலையை ஃபோல்டர்களிலும் செய்து பார்த்தேன். அறையில்தான் மெதுவாக எடுத்தேன். ஒன்றின் பின் ஒன்று மறைந்துகொண்டது. ஆழத்தில் ‘இரண்டு அடி தள்ளி’, ‘மூன்று அடி தள்ளி’ என்பதெல்லாம் மனத்தில் ஒட்டவே இல்லை. இடது-வலது, மேல்-கீழ் நன்றாக நினைவிருந்தது. முன்-பின் குழம்பியது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஆண்டி காக்பர்னும் புரூஸ் மெக்கென்சியும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தட்டையான பரப்பு, சாய்ந்த பரப்பு, முழு முப்பரிமாணம் என மூன்றையும் கணினியிலும், நிஜப் பொருட்களாலும் அமைத்துச் சோதித்தார்கள். மூன்றாம் பரிமாணத்தைப் பயன்படுத்தும் சுதந்திரம் கூடக் கூட ஆட்கள் கண்டுபிடிக்கும் திறன் குறைந்தது. நிஜப் பொருட்களிலும் அப்படியே. முன்பே படித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

படித்தவற்றுள் என்னை மிகவும் ஈர்த்தது 1998-இல் ஜார்ஜ் ராபர்ட்சன், மேரி செர்வின்ஸ்கி ஆகியோரின் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக் குழு செய்த ‘டேட்டா மவுண்டன்’. அதில் 100 வலைப்பக்கங்களின் சிறு படங்களை, 65 டிகிரி சாய்ந்த ஒரு பரப்பின்மேல் பயனர் தாமே வைக்க வேண்டும். அன்றைய பிரவுசரின் புக்மார்க் பட்டியலைவிட இதில் வேகமாக எடுத்தார்கள். ஆழம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அட்டை மிதக்க முடியாது. மலைச்சரிவில் எங்கோ ஓரிடத்தில்தான் உட்கார வேண்டும். சரிவில் ‘பின்னால்’ என்பது ‘மேலே’ என்றும் தெரிவதால், எனக்குக் குழம்பிய அந்த முன்-பின் இங்கே குழம்புவதில்லை. இன்னொன்றும் கவனித்தேன். அட்டையை இழுத்துக்கொண்டு போகும்போது வழியில் உள்ளவை ஒதுங்கி இடம் விட்டு, கடந்தபின் பழைய இடத்துக்கே திரும்பும். ஒன்றை ஒன்று முழுக்க மறைக்காது.

அதனால் மிதக்கும் வெளியைக் கலைத்துவிட்டு மூன்று சுவர்களும் ஒரு சாய்வு மேசையும் அமைத்தேன். சுவர்களில் நிலையான கோப்புகள், சாய்வு மேசையில் இப்போது நடக்கும் வேலை. அட்டைக்குப் பின்னால் அட்டை கிடையாது. அடுத்த சோதனையில் அறை ஃபோல்டரைத் தாண்டியது. பெயரைப் பார்த்ததும் எங்கே என்று யோசிக்காமலே தலை திரும்பிவிடும் கோப்புகள் வந்தன.

ஆனாலும் ஒரு விசித்திரமான தவறு திரும்பத் திரும்ப நடந்தது. ஒரு கோப்பைத் தேடி வடகிழக்கு மூலைக்குப் போவேன், அது தென்மேற்கு மூலையில் இருக்கும். நேர் எதிர் மூலை. உயரம் சரி, மூலையிலிருந்து உள்ள தூரமும் சரி, மூலை மட்டும் தவறு. 1986-இல் கென் செங் என்ற ஆய்வாளர் எலிகளிடம் இதையே கண்டிருக்கிறார். நீள்சதுரப் பெட்டியில் உணவைப் புதைத்த இடத்தைக் காட்டிவிட்டு, எலியைத் திசை தெரியாதபடி ஆக்கித் திரும்ப விட்டால், அது சரியான மூலையையும் அதற்கு நேர் எதிர் மூலையையும் ஏறத்தாழ ஒரே அளவில் தோண்டிப் பார்க்கும். நீள்சதுரத்தை 180 டிகிரி திருப்பினால் அதே வடிவம்தானே. என் அறையும் 6-க்கு 4 மீட்டர் நீள்சதுரம். நாற்காலியில் உட்கார்ந்து மௌஸால் சட்டென்று திரும்பும்போது எனக்கும் திசை போய்விடுகிறது.

சுவருக்குச் சுவர் நிறம் மாற்றலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் செங்கின் எலிகள் சுவரின் நிறமும் மணமும் மாறுபட்டிருந்தபோதும் எதிர் மூலைக்குப் போயின. அதனால் வடிவத்திலேயே கை வைத்தேன். ஒரு சுவரைச் சாய்த்து, ஒரு மூலையை அகன்ற கோணமாக்கினேன். கதவுக்கு இடது பக்கம் ஒரு தூண். மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்; வெளிச்சம் எப்போதும் அங்கிருந்தே வரும். நிறமும் மாற்றினேன், அது கூடுதல் உதவிதான். எதிர் மூலைக்குப் போகும் தவறு அநேகமாக நின்றுவிட்டது. இப்போது என் மனத்தில் கோப்புகளுக்கு உள்ள முகவரியெல்லாம் ‘தூணுக்குப் பக்கத்தில்’, ‘ஜன்னலுக்குக் கீழே’ என்றுதான் இருக்கிறது.

ஹெட்செட் பற்றிச் சுருக்கமாக. என்னிடம் உள்ளது ஒரு டிகிரிக்குச் சுமார் 20 பிக்சல் காட்டும். ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் ஏ4 தாள் கண்ணில் 12 டிகிரி அகலம், அதாவது 240 பிக்சல். ஒரு வரியில் 80 எழுத்து இருந்தால் எழுத்துக்கு 3 பிக்சல். தமிழ் எழுத்தின் சுழியும் கொம்பும் 3 பிக்சலில் நிற்காது. ஆக ஹெட்செட்டுக்குள் அட்டையை அடையாளம் காணலாம், படிக்க முடியாது. ஒவ்வோர் அட்டையின் மேலும் தலைப்பைப் பெரிதாக எழுதிய ஒரு பட்டை வைத்தேன். படிக்க வேண்டுமானால் சாதாரணத் திரையில்தான் திறக்கும். பட்டை வேறொரு காரணத்துக்கும் தேவைப்பட்டது: ஸ்கேன் செய்த கடிதங்களின் முதல் பக்கங்கள் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிகின்றன.

படிக்க முடியாவிட்டாலும் ஹெட்செட்டைக் கைவிட மனம் வரவில்லை. காரணம், உடம்பு. மௌஸால் திரும்புவதற்குப் பதில் நானே திரும்பி, இரண்டு அடி நடந்து வைத்த கோப்பு வேறு விதமாக நினைவில் இருக்கிறது. ராய் ரடில், சைமன் லெசல்ஸ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மெய்நிகர் அறையில் தேடும்போது செழிப்பான காட்சியைவிட, உடம்பால் முழுமையாக நடப்பதுதான் பலன் தருகிறது என்று காட்டியது. அதைப் படித்த அன்றே சுவருக்கான மர இழைப் படங்களைத் தேடுவதை நிறுத்திவிட்டேன். பொத்தானை அழுத்தினால் 30 டிகிரி திரும்பும் வசதியையும் எடுத்துவிட்டேன். கழுத்தையும் காலையும் வைத்துத்தான் திரும்ப வேண்டும். அப்புறம் ஒரு சிக்கல்: ஹெட்செட்டில் ‘ரீசென்டர்’ பொத்தானை அழுத்தினால் அறையே என்னைச் சுற்றித் திரும்பிவிடும், ஜன்னல் முதுகுப் பக்கம் போய்விடும். வெப்எக்ஸ்ஆர் இதை ‘ரீசெட்’ நிகழ்வாகத் தெரிவிக்கிறது. அதைக் கேட்டு, அதோடு வரும் மாற்ற அளவை வைத்து அறையைப் பழையபடி திருப்பிவிட்டேன். நிஜ அறையின் ஜன்னலும் மெய்நிகர் ஜன்னலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம், அது பலித்தது.

இனி, எல்லாம் போன நாள். இடங்களை எல்லாம் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் மட்டும் வைத்திருந்தேன். வேறு எதற்காகவோ பிரவுசரின் தரவுகளைச் சுத்தம் செய்தேன். அறையைத் திறந்தால் சுவர்கள் காலி. அட்டைகள் அனைத்தும் நடுத்தரையில், பூஜ்யம்-பூஜ்யம் புள்ளியில், ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே தாள்போலக் கிடந்தன. ஏழு வார வேலை.

கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, ‘இது எங்கே இருந்தது’ என்று கேட்காமல், கை போகும் இடத்தில் வைத்துக்கொண்டே போனேன். இரண்டு மாலைகளில் பெரும்பகுதி முடிந்தது. ஒரு மாதம் கழித்து, ஒப்புநோக்க எடுத்து வைத்திருந்த பழைய ஜேசான் பிரதி (இடங்களை எழுதி வைத்த உரைக்கோப்பு) ஒன்று கிடைத்தது. இரண்டு அடுக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாக யோசித்து வைத்த கோப்புகள் பழைய இடத்துக்குக் கையளவு தூரத்துக்குள் வந்திருந்தன. சில அட்டை பிசகாமல் அங்கேயே. ஆனால் கிழக்குச் சுவரின் கீழ்ப் பகுதியில் ஒரு கூட்டம் முழுக்கத் தாறுமாறு. அது என்ன என்று பார்த்தால், சோம்பல் பட்டு அறுபது ரசீதுகளை ஒரே தேர்வில் பிடித்து, வரிசையாகக் கொட்டிய இடம். அங்கே எதுவும் எனக்கு நினைவில் இல்லை, இருந்ததும் இல்லை. சோதனை நேரங்களைத் திரும்பப் பார்த்தேன், அந்த ரசீதுகளில்தான் எப்போதும் தடுமாறியிருக்கிறேன்.

என் தங்கையும் இதையே வேறு விதமாகச் சொன்னாள். அறையைப் பெருமையாகக் காட்டி, காப்பீட்டுப் பத்திரத்தை எடுக்கச் சொன்னேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இதெல்லாம் நீ வெச்ச இடம். எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். சாய்ந்த சுவரின் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். அவள் தன் சான்றிதழ்களை அவளே வைத்தாள். இப்போது அவளுக்கு அவளுடைய பாதி தெரியும்.

ரசீதுகளை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தேன். வைக்கும்போது ஒரு நொடி நின்று, அதன் அண்டை அட்டையைப் பார்த்துவிட்டு வைக்கிறேன். இடத்தைச் சேமிக்கும் முறையையும் மாற்றினேன். இடங்கள் இப்போது கோப்புகளோடு சேர்ந்தே ஒரு ஜேசான் கோப்பில் உள்ளன, தினமும் ஒரு நகல். முன்பு கோப்பின் பாதையை அடையாளமாக வைத்திருந்ததால் பெயர் மாற்றினாலே இடம் தொலைந்தது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எஸ்ஹெச்ஏ-256 கையொப்பத்துக்கு மாறினேன். பிடிஎஃப்பில் ஒரு குறிப்பு எழுதினாலே கையொப்பம் மாறி, மீண்டும் இடம் தொலைந்தது. கடைசியில் ஒவ்வொரு கோப்புக்கும் முதல் நாளே ஓர் எண் கொடுத்து, பாதையையும் கையொப்பத்தையும் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் துப்புகளாக மட்டும் வைத்தேன். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும்.

தேடல் வேண்டுமா என்று நீண்ட நாள் யோசித்தேன். இடம் மட்டுமே போதும் என்று நம்ப ஆசைதான். ஆனால் வில்லியம் ஜோன்ஸும் சூசன் டுமெய்ஸும் 1986-லேயே சோதித்து, இடத்தை மட்டும் நம்புவது பெயரை நம்புவதைவிட மோசம் என்று காட்டியிருக்கிறார்கள். என் அனுபவத்திலும், வருடத்துக்கு ஒருமுறை தொடும் கோப்புக்கு இடம் கை கொடுப்பதில்லை. அதனால் தேடல் வைத்தேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: பட்டியல் வராது. சொல்லைத் தட்டினால் பொருந்தும் அட்டைகள் அவை இருக்கும் இடத்திலேயே ஒளிரும், மற்றவை மங்கும். கோப்பு என்னிடம் வராது, நான்தான் போய் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை தேடும்போதும் அந்த இடத்தை ஒருமுறை நடந்து பழகிவிடுகிறேன். மூன்றாவது முறை தேடலைத் தொடாமலே போய்விட்டேன் என்று பல கோப்புகளில் கவனித்தேன்.

கடைசியாகச் செய்தது கோப்பை நீக்கும் வேலை. வேண்டாத கோப்பை எடுத்தால் அடுத்த அட்டைகள் நெருங்கி வந்து இடைவெளியை அடைக்கும்படி முதலில் எழுதியிருந்தேன்; என் முதல் விதிக்கே எதிரானது அது. இப்போது நீக்கிய இடத்தில் மெல்லிய கோடாக ஒரு காலிச் சட்டம் நிற்கும். ஜன்னலுக்குக் கீழே இரண்டாவது வரிசையில் அப்படி ஒன்று இருக்கிறது. விற்றுவிட்ட தையல் இயந்திரத்தின் கையேடு இருந்த இடம். அதன் வலது பக்கத்தில்தான் மோட்டாரின் வயரிங் படம். நேற்று அதை எடுக்கப் போனபோது, முதலில் கண்ணில் பட்டது அந்தக் காலிச் சட்டம்தான்.